ட்ரையரின் மின்செலவு: ஓடிக்கொண்டிருக்கும் பழையதை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

ஈரக்கொடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. லண்டனில் ஹாரோ பகுதியில் இருக்கிறோம். அத்தையும் மாமாவும் எங்களோடு வந்து சேர்ந்த பிறகு வீட்டில் ஆறு பேர். வாரத்துக்கு நான்கு முறை, துணியை உருளையில் புரட்டிக் காயவைக்கும் டம்பிள் ட்ரையரை ஓட்டவேண்டியிருக்கிறது. அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 8 கிலோ கண்டென்சர் வகை, அதாவது துணியிலிருந்து வரும் நீராவியைக் குளிர்வித்துத் தொட்டியில் சேர்ப்பது. இன்றுவரை பெரிய பழுது எதுவும் வந்ததில்லை. ஆனால் ஸ்மார்ட் மீட்டரின் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றால், ஒரு முறை ஓடி முடிவதற்குள் கணக்கில் ஒரு பவுண்டுக்கு மேல் ஏறிவிடுவது தெரிகிறது. இதை எடுத்துவிட்டு 450 பவுண்டு விலையில், மின்சாரம் குறைவாக எடுக்கும் ஒரு ஹீட் பம்ப் ட்ரையர் வாங்கலாம் என்பது கணவரின் எண்ணம். வீட்டுக்குள் நாலு கொடி கட்டினால் தீர்ந்துபோகும் விஷயத்துக்கு எதற்கு இத்தனை பணம் என்று அத்தை கேட்கிறார். இருவர் சொல்வதும் நியாயமாகவே படுகிறது. அனுபவமுள்ளவர்கள் கணக்கோடு விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கணக்கன் எழுதியது:

ஈரக்கொடி அவர்களுக்கு வணக்கம். ட்ரையரின் செலவைப் பேசும்போது எல்லோரும் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறோம். அதற்கு முன்னால் துணியில் இருக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசவேண்டும் என்பது என் கருத்து. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நம் மீட்டரின் கணக்கில் இது 0.67 யூனிட். 8 கிலோ பருத்தித் துணியைத் துவைத்துப் பிழிந்த பிறகும் அதில் நான்கு முதல் ஐந்து கிலோ வரை நீர் தங்கியிருக்கும். எனவே மூன்று யூனிட்டை ஒட்டிய வெப்பம் எப்படியும் தேவைப்படுகிறது. சூடான காற்று வெளியேறும் இழப்பு, உருளையும் துணியும் சூடேறுவதற்கான செலவு, மோட்டார் ஆகியவற்றையும் சேர்த்தால், ஈரக் காற்றை வெளியே தள்ளும் வென்டட் வகையானாலும் கண்டென்சர் வகையானாலும் ஒரு முழு நிறைக்கு, அதாவது உருளை கொள்ளும் அளவு துணிக்கு, நான்கரை யூனிட் அளவில் வந்து நிற்கும்.

ஹீட் பம்ப் வகை அதே வேலையை இரண்டு யூனிட்டுக்குள் முடிப்பதைப் பார்த்து, இயற்கை விதியை மீறுகிறதோ என்று சிலர் ஐயப்படுவதுண்டு. அதில் மாயம் ஒன்றுமில்லை. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி செய்யும் வேலைதான் அது. உருளையிலிருந்து வரும் ஈரக் காற்று குளிர்ந்த சுருளின்மீது பட்டு, நீரைச் சொட்டாகக் கொட்டிவிட்டுத் தன் வெப்பத்தை அங்கே ஒப்படைக்கிறது. கம்ப்ரஸர் அந்த வெப்பத்தை எடுத்துச் சென்று சூடான சுருளில் சேர்க்க, அதே காற்று மறுபடி சூடேறி உருளைக்குள் போகிறது. ஒரே வெப்பம் திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. கண்டென்சர் வகையிலோ அந்த வெப்பம் ஒரே சுற்றில் அறைக்குள் போய்விடுகிறது. வென்டட் வகையில் குழாய் வழியாகத் தெருவுக்கே போய்விடுகிறது.

பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை வைத்த உச்சவரம்பில் சராசரி மின்கட்டணம் யூனிட்டுக்கு 26.35 பென்ஸாக இருந்தது; அதை வைத்தே கணக்கிடுகிறேன். வாரம் நான்கு முறை என்றால் ஆண்டுக்கு 208 முறை. ஒவ்வொரு முறையும் முழு நிறை என்று வைத்துக்கொண்டால், உங்கள் கண்டென்சருக்கு 4.5 யூனிட் வீதம் ஆண்டுக்குச் சுமார் 247 பவுண்டு. ஹீட் பம்புக்கு 1.8 யூனிட் வீதம் சுமார் 99 பவுண்டு. ஏறக்குறைய 148 பவுண்டு மிச்சம். மூன்று ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று தோன்றும். அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். 208 என்ற எண் உண்மையா, ஒவ்வொரு முறையும் முழு நிறைதானா, துணி எவ்வளவு ஈரத்தோடு ட்ரையருக்குள் போகிறது ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். முக்கியமாக, உங்கள் வாஷிங் மெஷின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வேகத்தில் பிழிகிறது?

கஞ்சப்பிரபு எழுதியது:

பெயருக்கேற்ற ஆலோசனை ஒன்று தருகிறேன். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் எப்படியும் சூடாகத்தான் இருக்கிறது. துணியை அதன்மேல் போட்டால் காலையில் காய்ந்துவிடும், செலவு சுழியம். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் ட்ரையர் இல்லாமல்தான் குடும்பம் நடத்துகிறேன்.

கணக்கன் எழுதியது:

பிரபு அவர்களே, சுழியம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரேடியேட்டரில் காய்ந்தாலும் அந்த நான்கு கிலோ நீர் ஆவியாகத்தானே வேண்டும்? அதற்கான 2.7 யூனிட் வெப்பத்தை, ரேடியேட்டருக்கு வெந்நீர் அனுப்பும் உங்கள் பாய்லர் தருகிறது. அதே 2025 உச்சவரம்பில் எரிவாயு யூனிட்டுக்கு 6.29 பென்ஸ், பாய்லரின் திறனை நூற்றுக்குத் தொண்ணூறு என்று கொண்டால் வெப்பத்தின் விலை 7 பென்ஸ் ஆகிறது. எனவே ஒரு முறை காயவைக்க உங்களுக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 19 பென்ஸ். பில்லில் அது தனியாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 19 பென்ஸ் என்பது ஹீட் பம்பின் 47 பென்ஸைவிடவும் குறைவே. ஆனால் அந்த நான்கு லிட்டர் நீர் வீட்டுக் காற்றில்தான் நிற்கும். சன்னலைத் திறந்து வெளியேற்றினால் சூடான காற்றும் கூடவே போகும். திறக்காவிட்டால் இரவில் குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். ட்ரையர் வீட்டுக்குள் இருந்தால் நிலைமை வேறு. ஹீட் பம்போ கண்டென்சரோ எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக வீட்டுக்குள்ளேயே தங்குகிறது. நீரோ தொட்டியில் திரவமாகச் சேர்கிறது. குளிர்காலத்தில் அந்த அளவுக்கு பாய்லரின் வேலை குறைகிறது. அதையும் கழித்தால் ஹீட் பம்பின் நிகரச் செலவு 35 பென்ஸ் அளவுக்கு இறங்கும். கோடையில் இந்தச் சலுகை கிடையாது.

மாடிவீட்டுக்காரி எழுதியது:

ரேடியேட்டரில் துணி போட்டுப் பட்டவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் வடக்குப் பார்த்த படுக்கையறைச் சுவரில், அலமாரிக்குப் பின்னால், ஒரே குளிர்காலத்தில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்தது. சுவரைச் சுரண்டிப் பூசிய செலவு எங்கள் முன்பணத்திலிருந்துதான் போனது. பிரபு அண்ணாவின் வீடு காற்றோட்டமானதாக இருக்கலாம். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

இப்போதைய வீட்டில் ட்ரையருக்கு இடமில்லை. ஆகவே ஈரப்பதம் நீக்கும் கருவியை, அதாவது டிஹியூமிடிஃபையரை வாங்கினோம். சின்ன அறையில் மடக்குக் கொடியை விரித்து, துணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போட்டு, கதவையும் சன்னலையும் நன்றாக மூடிவிட்டுக் கருவியை ஓடவிடுவோம். 200 வாட் எடுக்கும் கம்ப்ரஸர் வகை அது. ஏழு மணி நேரத்துக்கு 1.4 யூனிட், அதாவது 37 பென்ஸ். சட்டைகளும் பள்ளிச் சீருடைகளும் காய்ந்துவிடுகின்றன; ஜீன்ஸும் தடித்த துவாலையும் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் கேட்கும். அறை மிகவும் குளிர்ந்திருந்தால் இந்த வகை சோம்பிவிடும் என்பதால் கொஞ்சமாவது சூடு இருக்கவேண்டும். ஹீட்டட் ஏரர் என்று மின்சாரத்தால் சூடாகும் கம்பிக்கொடி விற்கிறார்களே, அதையும் முயன்று பார்த்தோம். 300 வாட்டில் பத்து மணி நேரம் ஓடினால் மூன்று யூனிட் ஆகிறது. கம்பியைத் தொடும் இடம் மட்டும் காய்ந்து, மீதி ஈரமாகவே இருக்கிறது. நீராவியும் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. அதை வாங்கியதற்கு இன்றும் வருந்துகிறேன்.

சூரிச் குருவி எழுதியது:

சுவிஸிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே 2012 முதல் ஹீட் பம்ப் இல்லாத ட்ரையரை விற்கவே முடியாது. எனவே நீங்கள் நடத்தும் இந்த விவாதம் எங்களுக்குப் பழங்கதை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் தொடர்மாடிகளில் நிலக்கீழ் அறையில் பொதுவான சலவை இயந்திரம் இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை நாள் உண்டு. நாங்கள் வந்த புதிதில் அந்த முறை நாளைத் தவறவிட்டு அயல் வீட்டாரிடம் வாங்கிய பேச்சு தனிக்கதை. அதன் பக்கத்திலேயே கொடிகள் கட்டிய காயவைக்கும் அறை ஒன்றும் இருக்கும். அதன் சுவரில் செக்கோமாட் என்று எல்லோரும் அழைக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கும். மாடிவீட்டுக்காரி சொன்ன அதே வேலையை, ஆனால் காற்றை வேகமாக வீசிக்கொண்டு செய்யும். மாலையில் உடுப்பைக் காயப்போட்டால் காலையில் மடித்து எடுக்கலாம். உருளையில் புரளாததால் உடுப்புத் தேய்வதும் இல்லை. ட்ரையரின் வடிகட்டியில் ஒவ்வொரு முறையும் சேரும் பஞ்சு எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அது நம் உடுப்பின் நூல்தான். அந்தச் செலவை எந்த மீட்டரும் காட்டாது.

பஞ்சுமூட்டை எழுதியது:

ஹீட் பம்பைப் புகழ்பவர்கள் ஒரு செய்தியை விட்டுவிடுகிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கியதில், உள்ளே இருக்கும் சுருளைத் தானே கழுவிக்கொள்ளும் அமைப்பு என்று சொல்லி விற்றார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். முதலில் இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிந்த பருத்திச் சுழற்சி, மூன்றாவது ஆண்டில் நான்கு மணி நேரத்தைத் தாண்டியது. மின்சாரமும் அதற்கேற்பக் கூடியது. வந்து பார்த்த மெக்கானிக் பின்பக்கத்தைப் பிரித்தபோது, சுருளின் தகடுகள் தெரியாத அளவுக்கு ஈரப்பஞ்சு கம்பளம்போல் படிந்திருந்தது. கழுவும் நீர் பாதி இடத்தைத் தொடவே இல்லை. கூலி 120 பவுண்டு. ஓராண்டு மிச்சம் ஒரே நாளில் போயிற்று.

என் அறிவுரை இதுதான். முன்புற மூடியைத் திறந்து நாமே சுருளைத் துடைக்க வசதியுள்ள மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யுங்கள். மாதம் ஒரு முறை வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள், ஏனென்றால் துணியை மென்மையாக்கும் திரவத்தின் பிசுக்கு வலைக்கண்ணை அடைத்துவிடும். சூடாக்கியால் ஓடும் பழைய இயந்திரம் அடைப்பைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். ஹீட் பம்ப் பொறுக்காது.

வண்ணாத்திப்பூச்சி எழுதியது:

கணக்கன் ஐயா, ஒரு ஐயம். கடையில் பார்த்த 8 கிலோ ஹீட் பம்பில் ஒட்டியிருந்த மின்திறன் சீட்டில் ஆண்டுக்கு 235 யூனிட் என்றிருந்தது. அது 160 முறைக்கான கணக்கு என்று கீழே போட்டிருந்தார்கள். வகுத்தால் ஒரு முறைக்கு 1.47 யூனிட்தான் வருகிறது. நீங்கள் 1.8 என்று எழுதியிருக்கிறீர்களே?

கணக்கன் எழுதியது:

நல்ல கேள்வி, பலரும் தடுக்கி விழும் இடம் அது. அந்த 160 முறையும் முழு நிறை அல்ல. ஏழு முறையில் மூன்று முறை முழு நிறை, நான்கு முறை அரை நிறை என்ற விகிதத்தில் சோதித்துச் சராசரி எடுக்கிறார்கள். 8 கிலோ இயந்திரத்துக்கு அந்தச் சராசரி நிறை 5.7 கிலோதான். பழைய வகை கண்டென்சரின் சீட்டில் காணும் 560 யூனிட்டும் இதே முறையில் வந்தது. 160 ஆல் வகுத்தால் 3.5 யூனிட். முழு நிறைக்கு இரண்டுமே கூடும். சீட்டில் உள்ள எண்களைத் தமக்குள் ஒப்பிடுங்கள். அதை அப்படியே உங்கள் வீட்டுக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை 1 முதல் சீட்டே மாறிவிட்டது. ஏ முதல் ஜி வரை எழுத்து, நூறு முறைக்கு இத்தனை யூனிட் என்ற கணக்கு. அத்துடன், வீட்டு உபயோகத்துக்கான வென்டட், கண்டென்சர் மின் ட்ரையர்களைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவருவதும் அங்கே நின்றுவிட்டது. சூரிச் குருவியின் நாடு 2012இல் போட்ட விதியைத்தான் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இவர்கள் போட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் ஏ பிளஸ் பிளஸ் பிளஸ் முதல் டி வரையிலான பழைய சீட்டே தொடர்கிறது. ஆகவே இணையத்தில் படிக்கும்போது ஓரிடத்தில் இ என்றும் இன்னோரிடத்தில் ஏ பிளஸ் பிளஸ் என்றும் ஒரே தரத்து இயந்திரத்தைக் கண்டால் திகைக்கவேண்டாம்.

இரவுப்பணி எழுதியது:

இரவில் ஏழு மணி நேரம் மட்டும் மலிவான கட்டணம் தரும் எகானமி 7 மீட்டர் உள்ளவர்கள் அந்த நேரத்தில் ஓட்டினால் குறைவான விலையில் முடிந்துவிடுமே? நான் பதினொரு மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

மாடிவீட்டுக்காரி எழுதியது:

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உறங்கும்போதும் வெளியே போகும்போதும் ட்ரையரை ஓடவிடக்கூடாது என்று லண்டன் தீயணைப்புப் படை தொடர்ந்து சொல்லிவருகிறது. 2016 ஆகஸ்டில் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் பதினெட்டு மாடிக் குடியிருப்பில் பற்றிய தீ, பழுதுள்ள ஒரு டம்பிள் ட்ரையரிலிருந்துதான் தொடங்கியது. அரை மணி நேரத்துக்கு ஒரு விலை என்று வரும் கட்டணத் திட்டங்களில் பகலிலும் மலிவான நேரம் கிடைக்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் அதைப் பயன்படுத்துங்கள்.

ஸ்கார்பரோ அகதி எழுதியது:

கனடாவில் எங்கள் பக்கம் இன்னும் பெரும்பாலும் வென்டட் ட்ரையர்தான், அதுவும் 240 வோல்ட்டில். வெளியே உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகை. அப்போது பணம் கொடுத்துச் சூடாக்கிய வீட்டுக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடாகச் சன்னல் இடுக்கு வழியே பனிக்காற்று உள்ளே வருகிறது. நாற்பது நிமிடத்தில் துணி காய்ந்துவிடும் வேகத்துக்கு நாங்கள் பழகிவிட்டோம் என்பதுதான் உண்மை. ஹீட் பம்புக்கு மாறிய மைத்துனர் வீட்டில் முதல் மாதம் முழுவதும் துணி ஏன் இன்னும் முடியவில்லை என்பதே பேச்சாக இருந்தது.

ஈரக்கொடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணக்கன் ஐயா கேட்ட கேள்விக்கு விடை தேடப்போய் எனக்கே வெட்கமாகிவிட்டது. எங்கள் வாஷிங் மெஷின் 800 சுற்றில் பிழிந்துகொண்டிருக்கிறது. மாமாவின் வேட்டி கசங்குகிறது என்று அத்தை ஒருநாள் வேகத்தைக் குறைத்திருக்கிறார்; இயந்திரம் அதை நினைவில் வைத்துக்கொண்டு எல்லாத் துணிக்கும் அப்படியே செய்துவந்திருக்கிறது.

எனவே இரண்டு வார இறுதிகளில் ஒரு சோதனை செய்தோம். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் கைத்தராசு இருக்கிறதே, அதில் துணிக்கூடையை மாட்டி நிறுத்தோம். பிளக்கில் செருகும் மின்மானி ஒன்றும் வாங்கினோம். இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே துணிகள், காய்ந்த நிலையில் 6.1 கிலோ. 800 சுற்றில் பிழிந்தபோது ஈர நிறை 10.3 கிலோ, அதாவது 4.2 கிலோ நீர். ட்ரையர் எடுத்தது 4.2 யூனிட். 1400 சுற்றில் பிழிந்தபோது 9.2 கிலோ, நீர் 3.1 கிலோ, ட்ரையருக்கு 3.1 யூனிட். நீரும் யூனிட்டும் இப்படி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. முறைக்கு 29 பென்ஸ் மிச்சம், ஒரு காசு செலவில்லாமல்.

208 முறை என்றதும் தவறு. மே முதல் செப்டம்பர் வரை தோட்டத்துக் கொடியில்தான் பெரும்பாலும் காயப்போடுகிறோம். நாட்காட்டியைப் பார்த்து எண்ணினால் ஆண்டுக்கு 120 முறைக்கு மேல் வராது. இப்போது கணக்கு எப்படி மாறும்?

கணக்கன் எழுதியது:

பெட்டி நிறுக்கும் தராசை இதற்குப் பயன்படுத்தலாம் என்று எனக்கு இத்தனை ஆண்டுகளில் தோன்றவில்லை. மிக நன்று.

உங்கள் 3.1 கிலோ நீருக்கு ஹீட் பம்ப் ஏறத்தாழ 1.3 யூனிட் எடுக்கும். வேறுபாடு 1.8 யூனிட், அதாவது 47 பென்ஸ். 120 முறைக்கு 56 பவுண்டு. 450 பவுண்டு திரும்பி வர எட்டு ஆண்டுகளாகும். பஞ்சுமூட்டை சொன்னது போன்ற ஒரு பழுது வந்தால் பத்துக்கும் மேல். நான் முதலில் எழுதிய மூன்று ஆண்டுக் கணக்கு, உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, பிழையாகிவிட்டது. பிழிவதைக் கூட்டியதால் வாஷிங் மெஷினுக்கு ஆகும் கூடுதல் மின்சாரம் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இயந்திரம் சுழற்றி எறியும் நீரைச் சூடாக்கி விரட்டவேண்டியதில்லை என்பதுதான் முழுச் சூட்சுமமும்.

ஆகவே ஓடும்வரை பழையது ஓடட்டும். அது நின்றுபோகும் நாளில் கணக்கு மறுபடி மாறும். அன்று எப்படியும் ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டும். மலிவான கண்டென்சருக்கும் ஹீட் பம்புக்கும் உள்ள விலை வேறுபாடான 150, 200 பவுண்டை மட்டுமே பார்க்கவேண்டும். அது உங்களுக்கு மூன்று நான்கு ஆண்டுகளில் திரும்பிவிடும். அப்போது தயங்காமல் ஹீட் பம்பையே வாங்குங்கள். கராஜில் மட்டும் வைக்காதீர்கள். குளிரில் அது திணறும். தனியாக இருந்து வாரம் ஒரு முறை ஓட்டும் நண்பர்களுக்கு அந்த வேறுபாடு திரும்பவே பல ஆண்டுகள் ஆகும். அவர்கள் மாடிவீட்டுக்காரியின் வழியைப் பார்ப்பது நல்லது.

கஞ்சப்பிரபு எழுதியது:

ஆக, ஒன்றும் வாங்கவேண்டாம் என்ற என் முடிவுக்கே எல்லோரும் சுற்றி வந்திருக்கிறீர்கள். டிஹியூமிடிஃபையர் ஒன்றைப் பற்றி மட்டும் யோசிக்கிறேன். எங்கள் பின்னறைச் சுவரில் ஒரு கறை தெரிகிறது. யாரிடமும் சொல்லவேண்டாம்.

ஈரக்கொடி எழுதியது:

அத்தையிடம் படித்துக் காட்டினேன். வேகத்தைக் கூட்டினால் வேட்டியின் நிலை என்ன என்று கேட்கிறார்.

சூரிச் குருவி எழுதியது:

வேட்டியையும் பருத்திச் சேலையையும் பிரித்து 800 சுற்றிலேயே பிழிந்து, உதறிக் கொடியில் போடச் சொல்லுங்கள். மெல்லிய துணி, அறைச் சூட்டிலேயே இரவுக்குள் காய்ந்துவிடும். துவாலையும் போர்வையும் மட்டும் 1400 சுற்றில் பிழிந்து ட்ரையருக்குப் போகட்டும்.